ஸ்கூல் பையில் பேண்ட் பேட்ச்: துணி, பெயின்ட், தையல், அப்புறம் ஹெச்.எம். ரூம்

கடைசிபெஞ்சு:

ப்ளஸ் ஒன். அஞ்சு பேரு, எல்லாரும் மெட்டல், பங்க் பாட்டு கேக்குறவங்க. யூனிஃபார்ம்ல கை வைக்க வழியே இல்ல. சட்டை, பேன்ட், பெல்ட், ஷூ, முடி எல்லாத்துக்கும் டைரியிலயே ரூல் போட்டிருக்காங்க. பையைப் பத்தி மட்டும் ஒரு வரியும் இல்ல. அதனால பையில எங்களுக்குப் பிடிச்ச பேண்டோட (இசைக்குழு) லோகோ போட்ட துணி பேட்ச் போடலாம்னு இருக்கோம்.

கடையில வாங்குற எம்ப்ராய்டரி பேட்ச் வேண்டாம், நாங்களே பெயின்ட் பண்ணனும். என்ன துணி, என்ன பெயின்ட்? ஸ்டென்சில் (டிசைனை வெட்டி எடுத்த ஷீட்) வச்சு சோதனைக்கு அடிச்சதுல ஓரம் கசிஞ்சு எழுத்தே கொழகொழன்னு இருக்கு, ஏன்? நாலு பை பாலியஸ்டர், உள்ள ரப்பர் மாதிரி கோட்டிங் இருக்கு. ஒண்ணு ஜீன்ஸ் துணி. தைக்கணுமா, ஒட்டலாமா? அஞ்சு பேருக்கும் சேர்த்து பட்ஜெட் 500 ரூபாய். மாட்டினா என்ன ஆகும்னும் யாராவது சொல்லுங்க.

மைதொட்டி:

ஓரம் கசிவதற்குப் பெயின்ட்டைத் திட்டாதீர்கள். பிரஷ்ஷில் தோய்த்து இழுத்தால் பெயின்ட் ஸ்டென்சிலுக்கு அடியில் நுழைந்துவிடும். அதில் தண்ணீரும் கலந்திருந்தால் நூலைப் பிடித்துக்கொண்டே ஓடும். பிரஷ்ஷைத் தூரப் போடுங்கள். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை 3 செ.மீ. சதுரமாக வெட்டி, மெத்தென்ற பக்கத்தால் பெயின்ட்டைத் தொட்டு, பழைய பேப்பரில் நாலைந்து முறை ஒற்றி எடுங்கள். பேப்பரில் புள்ளி புள்ளியாக, பாதி காய்ந்த மாதிரி விழும்போதுதான் துணிக்குப் போக வேண்டும். நேராக மேலிருந்து ஒற்றுங்கள், தேய்க்கவே கூடாது.

முதல் கோட் மங்கலான சாம்பலாகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து அடுத்த கோட்டை அப்புகிற இடத்தில்தான் காரியம் கெடும். 20 நிமிடம் காய விட்டு இரண்டாவது, இன்னொரு 20 நிமிடம் விட்டு மூன்றாவது. கறுப்பில் வெள்ளை எடுக்க மூன்று கோட் சாதாரணம். மூன்றும் முடியும் வரை ஸ்டென்சிலைத் தூக்காதீர்கள், திரும்ப அதே இடத்தில் உட்காராது. கடைசிக் கோட் தொட்டால் ஒட்டுகிற பதத்தில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு உரித்தால் பெயின்ட்டின் ஓரமும் சேர்ந்து பிய்யும்.

துணிக்குக் கறுப்புக் காட்டன் ட்ரில் என்கிற கனமான துணி. இல்லையென்றால் பழைய ஜீன்ஸின் கால். தையல்கடையில் வெட்டுத்துணி கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள், ஆனால் பேன்ட் துணி பெரும்பாலும் பாலியஸ்டர் கலப்பு. ஓரத்தில் இரண்டு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசத்தோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி முனையில் கெட்டி மணியாக நிற்கும். பருத்திதான் பெயின்ட்டைப் பிடிக்கும். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு ஒருமுறை அலசுங்கள், வாசனைக் கண்டிஷனர் போடாமல். கஞ்சியின் மேல் அடித்த பெயின்ட் இரண்டாவது துவைப்பில் செதிலாக உதிரும்.

பெயின்ட் ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் ஃபேப்ரிக் அக்ரிலிக், 15 மி.லி. பாட்டில். உள்ளங்கை அளவு பேட்ச் பத்துக்கு மேல் வரும், அதனால் ஐந்து பேருக்கு வெள்ளை இரண்டு, சிவப்பு ஒன்று தாராளம். அடித்து 24 மணி நேரம் கழித்து, துணியைத் திருப்பிப் போட்டு, மேலே ஒரு பழைய வேட்டித் துணியை விரித்து, நீராவி இல்லாமல் காட்டன் சூட்டில் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் அயர்ன் பண்ணுங்கள். பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அதன்பின் மூன்று நாள் தண்ணீர் படக் கூடாது.

ஸ்டென்சிலுக்கு ஓஹெச்பி ஷீட் (கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் தாள்) போதும். அதைவிட நல்லது பழைய எக்ஸ்ரே ஃபிலிம். கனமாக இருப்பதால் சுருளாது, கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம். (தேவையில்லாத எக்ஸ்ரேதானா என்று வீட்டில் கேட்டுவிட்டு.) 9 மி.மீ. கட்டர், ஒவ்வொரு ஸ்டென்சிலுக்கும் பிளேடின் முனையை ஒருமுறை ஒடித்துப் புதுசாக்கிக்கொள்ளுங்கள். சின்ன துண்டுகளை முதலில், பெரியதைக் கடைசியில். பெரியதை முதலில் வெட்டினால் ஷீட் தளர்ந்து சின்னது கிழியும். வளைவில் கத்தியைத் திருப்பாமல் ஷீட்டைத் திருப்புங்கள்.

டிசைனைப் பொறுத்தவரை, 1.5 மி.மீ.க்குக் குறைந்த கோடு எதுவும் ஸ்டென்சிலில் நிற்காது. முள்ளுச்செடி மாதிரி இருக்கும் டெத் மெட்டல் லோகோக்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதல் பேட்ச்சுக்கு பிளாக் ஃபிளாக் என்ற அமெரிக்க பங்க் குழுவின் லோகோவை எடுங்கள். ஓவியர் ரேமண்ட் பெட்டிபான் வரைந்தது, ஏறி இறங்கி நிற்கும் நாலு கட்டைகள், அவ்வளவுதான். உள்ளே தனியாக நிற்கும் தீவு ஒன்றுகூடக் கிடையாது. பத்து நிமிட வேலை.

கோணிஊசி:

ஒட்டாதீங்க தம்பி. அயர்ன் பண்ணி ஒட்டுற பசைக்கு நல்ல சூடு வேணும், அந்தச் சூட்டுக்குப் பாலியஸ்டரும் உள்ள இருக்குற கோட்டிங்கும் கொப்புளிச்சுப் போயிடும். ஃபெவிக்விக் மாதிரி சமாச்சாரம் கல்லு மாதிரி ஆகும். பை மடங்குற இடத்துல வெடிக்கும், சுத்தி வெள்ளையா பூத்துக்கும். தையல் ஒண்ணுதான் வழி.

கோட்டிங் பையில ஒருவாட்டி ஊசி குத்தின ஓட்டை மூடவே மூடாது. அதனால குண்டூசி குத்தி இடம் பாக்குற வேலையெல்லாம் கூடாது. பேப்பருக்குப் போடுற கறுப்பு பைண்டர் கிளிப்ல பேட்ச்சைப் பிடிச்சு வச்சு, எட்டி நின்னு பார்த்து, சாக்பீஸால ஓரத்தை வரைஞ்சுட்டு அப்புறம் ஊசியை எடுங்க.

பேட்ச் 10 செ.மீ. வேணும்னா துணியை 11.5 செ.மீ. வெட்டணும். நாலு பக்கமும் 7 மி.மீ. சொச்சம் உள்ள மடிச்சு அயர்ன் பண்ணிக்குங்க. மடிக்கிறதுக்கு முன்னாடி நாலு மூலையையும் சாய்வா நறுக்கிடணும், இல்லாட்டி மூலையில நாலு மடிப்பு சேர்ந்து ஊசி இறங்காது. பிசிறு தொங்கினாத்தான் அழகுன்னா மடிக்க வேண்டாம், ஆனா ஓரத்துல இருந்து 5 மி.மீ. உள்ள தள்ளி ஒரு சுத்து ஓட்டுத்தையல் போட்டுடுங்க. பிசிறு அந்தக் கோட்டோட நிக்கும்.

ஊசி, ஜீன்ஸ் தைக்கிற கனத்துல கைத்தையல் ஊசி. என் பேரைப் பார்த்துட்டு கோணி ஊசி வாங்கிடாதீங்க, அது போடுற ஓட்டையில சுண்டுவிரல் போகும். நூல் ரெட்டையா, ஒன்றரை முழத்துக்கு மேல வேண்டாம், சிக்கும். நூலை மெழுகுவத்தி மேல மூணுவாட்டி இழுத்துக்கிட்டா பிரியாது. பங்க் ஆளுங்க பல்லிடுக்கு சுத்தம் பண்ற டென்டல் ஃப்ளாஸ்ல தைப்பாங்க, அது பழைய வழக்கம். மெழுகு ஏத்தின நூல், லேசுல அறுகாது. கறுப்புத் துணியில வெள்ளைத் தையல் பளிச்னு தெரியறதும் அந்த ஸ்டைல்ல சேர்த்தி.

பின்தையல்தான் (பேக் ஸ்டிச்) போடணும். ஒவ்வொரு தையலும் 4-5 மி.மீ. நீளம் இருக்கட்டும். அதைவிட நெருக்கமா போட்டா பலம்னு நினைப்பீங்க, கோட்டிங் பையில அது தலைகீழ். ஸ்டாம்ப் ஓரத்துல வரிசையா ஓட்டை போட்ட மாதிரி ஆகி அந்தக் கோட்டுலயே கிழியும். நடுவிரல்ல ரெண்டு சுத்து பிளாஸ்டர் ஒட்டிக்குங்க. ஊசி சிக்கினா பல்லால இழுக்காம குறடால இழுங்க.

இடம் முன் பாக்கெட்டோட வெளித்துணி மட்டும். தைக்கும்போது பாக்கெட்டுக்குள்ள ஒரு அட்டை நோட்டைச் சொருகி வைங்க, இல்லாட்டி முன்னாடியையும் பின்னாடியையும் சேர்த்துத் தைச்சு பாக்கெட்டே மூடிக்கும். இது எல்லாருக்கும் நடக்குற கூத்து. பெரிய அறையில தைச்சா ஐப்பசி மழைக்கு ஒவ்வொரு ஓட்டையும் ஒழுகும். உள்பக்கம் தையல் மேல மெழுகைத் தேய்ச்சுவிட்டா கொஞ்சம் தாங்கும், முழுசா தாங்காது.

ஜீன்ஸ் பைக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. நேரா தைங்க.

கடைசிபெஞ்சு:

சூப்பர் ண்ணா. ரெண்டு கேள்வி. தமிழ் எழுத்துல ஸ்டென்சில் வெட்டினா நடுவுல துண்டு விழுந்துடுதே? அப்புறம் ஒரே டிசைன் பத்து பதினஞ்சு வேணும்னா ஒவ்வொண்ணா ஒத்திக்கிட்டே இருக்கணுமா?

எட்டாம்நம்பர்:

பெயின்ட்டே வேண்டாம் ப்ரோ, ஸ்டென்சில் வச்சு ப்ளீச்சிங் லிக்விட் தடவு. கறுப்பு போய் டிசைன் வந்துடும். செலவு கம்மி.

மைதொட்டி:

ப்ளீச் வேலை செய்யும், ஆனால் அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடிய விஷயம் இல்லை. பாலியஸ்டரில் ஒன்றும் ஆகாது. காட்டன் கறுப்பிலும் வெள்ளை வராது, செங்கல் நிறமோ துரு நிறமோதான் வரும், சாயத்தைப் பொறுத்து. தண்ணியாக இருப்பதால் ஸ்டென்சிலுக்கு அடியில் பெயின்ட்டைவிட மோசமாக ஓடும். நிறம் மாறியதும் உடனே நிறையத் தண்ணீரில் அலசாவிட்டால் நூலை அரித்து, ஒரு மாதத்தில் டிசைன் இருந்த இடம் ஓட்டையாக இருக்கும். நிறுத்துவதற்கு வினிகர் ஊற்றலாம் என்று வீடியோக்களில் சொல்வார்கள். ஊற்றாதீர்கள். ப்ளீச்சோடு வினிகரோ, பாத்ரூம் கழுவும் ஆசிடோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். செய்தே ஆகவேண்டுமென்றால் மொட்டைமாடியில், கையுறையோடு, தண்ணீர் மட்டும் வைத்துக்கொண்டு.

தமிழ் எழுத்துக்கு வருகிறேன். க, ச, த, ம, ன எல்லாவற்றிலும் மூடிய வளையம் இருக்கிறது. வெட்டினால் வளையத்தின் உள்துண்டு விழத்தான் செய்யும். அதை வெளிச்சட்டத்தோடு இணைக்க 3 மி.மீ. அகலத்தில் ஒரு பாலம் விட வேண்டும். ஆங்கில ஸ்டென்சில் எழுத்தில் மேலும் கீழும் பாலம் விடுவதைப் பார்த்து அப்படியே செய்தால் தமிழில் எழுத்து வேறு எழுத்தாக வாசிக்கும். வளையம் தண்டைத் தொடுகிற இடத்தில் ஒரே ஒரு பாலம் விட்டால் கண் தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளும். ப, ட, ய, ர எல்லாம் திறந்த எழுத்துகள், பாலமே வேண்டாம். எழுத்து உயரம் 2.5 செ.மீ.க்குக் கீழே போகாதீர்கள். புள்ளியை வளையமாக வைக்காமல் சதுரமாக வெட்டுங்கள், பார்க்கவும் அது முரட்டுத்தனமாக நன்றாக இருக்கும். சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே திறந்த எழுத்து அதிகமுள்ளதாகப் பார்த்தால் பாதி வேலை மிச்சம்.

பதினைந்து பிரதிக்கு ஸ்டென்சில் சலிப்புத்தான். எம்ப்ராய்டரி வளையம் ஒன்று வாங்குங்கள், 8 அங்குலம். அதில் ஆர்கன்சா துணியையோ மெல்லிய நைலான் திரைத்துணியையோ முரசு மாதிரி விறைப்பாக மாட்டுங்கள், இதுதான் உங்கள் ஸ்க்ரீன். டிசைனைக் கீழே வைத்துப் பென்சிலால் நகலெடுத்து, பெயின்ட் போகக் கூடாத இடத்தையெல்லாம் நகப்பூச்சால் அடைத்துவிடுங்கள், இரண்டு பூச்சு. வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து அடையுங்கள். சிலர் ஃபெவிகாலால் அடைக்கச் சொல்வார்கள். அது தண்ணீரில் இளகும், இரண்டாவது கழுவலில் ஸ்க்ரீன் போய்விடும். பிறகு துணி மேல் வளையத்தை அழுத்தி வைத்து, பழைய ஏ.டி.எம். கார்டால் பெயின்ட்டை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். இங்கே பெயின்ட் தயிர்ப் பதத்தில் இருக்க வேண்டும். நாலு பிரதிக்கு ஒருமுறை ஸ்க்ரீனைக் கழுவிவிடுங்கள், அக்ரிலிக் நெசவுக்குள் காய்ந்தால் எடுக்கவே முடியாது. இந்த முறையில் மெல்லிய கோடும் வரும். அந்த முள்ளுச்செடி லோகோக்களுக்கு இதுதான் வழி.

போடுவது உங்கள் பைக்கு மட்டும். அடுத்த செக்‌ஷனுக்கு விற்கலாம் என்று கிளம்பாதீர்கள், பேண்ட் லோகோக்கள் அவர்கள் சொத்து.

டிஸ்டார்ஷன்:

எப்படித் தைப்பது என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். எதைத் தைப்பது என்பதில் மெட்டல் பக்கம் எழுதாத சட்டம் ஒன்றுதான்: கேட்காத பேண்டின் பேட்ச்சைப் போடாதே. ஜெர்மனியில் ‘குட்டே’ என்று சொல்லும் பேட்ச் ஜாக்கெட்டில் ஒவ்வொரு துண்டும் போய்வந்த கச்சேரிக்கோ பிடித்த ஆல்பத்துக்கோ சாட்சி. தெரியாமல் போட்டால் முதல் கேள்வியே “அவங்க பாட்டு மூணு சொல்லு” என்றுதான் வரும். எரிச்சலான வழக்கம்தான், இருந்தாலும் இருக்கிறது.

பங்க் பக்கம் அடையாளங்களுக்கு அர்த்தம் இன்னும் கனம். ஸ்டென்சில் எழுத்துக்குப் பேர்போன கிராஸ் என்ற ஆங்கிலக் குழு 1977இல் தொடங்கியது. லண்டன் பாதாள ரயில் நிலையச் சுவர்களில் போருக்கு எதிரான வாசகங்களை ஸ்டென்சிலால் அடித்தார்கள். நீங்கள் பேட்ச்சில் பார்க்கிற அந்த உடைந்த எழுத்தின் தோற்றம் அங்கிருந்து வந்ததுதான், அழகுக்காக வந்ததில்லை. கறுப்பு வெள்ளைச் சதுரக் கட்டம் 1979இல் கோவென்ட்ரியில் ஜெர்ரி டாமர்ஸ் தொடங்கிய டூ டோன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் அடையாளம். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசித்த ஸ்கா இசை அது. 2 செ.மீ. மாஸ்கிங் டேப் இருந்தால் கத்தியே இல்லாமல் போடலாம். முதலில் நெடுக்குப் பட்டைகளை ஒட்டி அடித்துவிட்டுக் குறுக்கே அடிக்க வேண்டாம், கட்டம் குழம்பும். சதுரங்களாக வெட்டி ஒன்றுவிட்டு ஒன்று ஒட்டி ஒரே தடவையில் ஒற்றிவிடுங்கள்.

பள்ளியில் வம்பே வராத அடையாளம் வேண்டுமென்றால் எக்ஸ். 1980இல் வாஷிங்டனின் டீன் ஐடில்ஸ் என்ற பங்க் குழுப் பையன்கள் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாசிக்கப் போனபோது, வயது குறைந்தவர்களுக்கு மது கொடுக்கக் கூடாது என்பதற்காகக் கையில் பெரிய எக்ஸ் போட்டு உள்ளே விட்டார்கள். அதை அவர்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடமே மைனர் த்ரெட் என்ற குழு மூலம் அது குடியும் போதையும் வேண்டாம் என்கிற ஸ்ட்ரெய்ட் எட்ஜ் பிள்ளைகளின் கொடியானது. மண்டை ஓட்டைப் பார்த்து முகம் சுளிக்கிற ஆசிரியரிடம் விளக்கம் சொல்ல இதைவிட வசதியான பேட்ச் கிடையாது.

தொடக்கூடாதவையும் இருக்கின்றன. 1976, 77இல் சிட் விஷஸ், சூக்ஸி போன்ற பங்க் இசைக்காரர்கள் பெரியவர்களை அதிர வைக்க நாஜி ஸ்வஸ்திகாவை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து நகலெடுக்காதீர்கள். அதே 1976இல்தான் அதற்கு எதிர்த்திசையில் ராக் அகென்ஸ்ட் ரேசிசம் என்ற இனவெறி எதிர்ப்பு இயக்கமும் பிறந்தது. நம் ஊரில் ஸ்வஸ்திக் வாசற்படியில் இருப்பதால், சாய்ந்த கறுப்பு வடிவத்தைப் பார்த்தாலும் யாருக்கும் உறைப்பதில்லை. இணையத்தில் லோகோ தேடும்போது 88 என்ற எண், இரட்டை மின்னல், வட்டத்துக்குள் சிலுவை, கறுப்புச் சூரியன் போன்ற நாஜி ஆதரவுக் குறிகள் கண்ணில் பட்டால் அந்த பேண்டைப் பற்றி ஒருமுறை படித்துவிட்டு அப்புறம் பிளேடை எடுங்கள். பிளாக் மெட்டலில் இந்த விஷச்செடி அங்கங்கே உண்டு.

சாக்பீஸ்:

“மாட்டினா என்ன ஆகும்” என்ற கேள்வியை யாரும் தொடவில்லை. பள்ளிப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

டைரியில் பை பற்றி விதி இல்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பள்ளி டைரியிலும் கடைசியில் ‘ஒழுங்குக்குக் குந்தகமானவை’ என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். எது குந்தகம் என்று முடிவு செய்பவர் தலைமையாசிரியர். அவர் கண்ணுக்கு உங்கள் பேட்ச்சில் மூன்று விஷயம் உறுத்தும்: மண்டை ஓடு, புரியாத எழுத்து, நிறம். முதலிரண்டையும் பேசிச் சமாளிக்கலாம். நிறம்தான் தமிழ்நாட்டில் உண்மையான சிக்கல், பிள்ளைகள் பலருக்கு அது தெரிவதில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் மாணவர் ஒருவர் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம், சாதியைக் குறிக்கும் நிறம் அடித்த சைக்கிள் இவற்றையெல்லாம் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. ஏனென்றால் இங்கே, குறிப்பாகத் தென் மாவட்டங்களில், இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலே அது ஒரு சாதியின் பெயராக வாசிக்கப்படும். ரெகே இசைக்காரர்களின் ராஸ்தா சிவப்பு மஞ்சள் பச்சை என்று நீங்கள் நினைத்துப் போட்டது எதிரே வருபவருக்கு வேறு ஒன்றாகத் தெரியும். எந்த நிறம் எதற்கு என்று நான் இங்கே பட்டியல் போடப் போவதில்லை, ஊருக்கு ஊர் அது மாறவும் செய்யும். கறுப்பு வெள்ளையோடு நில்லுங்கள். மேலே சொன்ன சிவப்புப் பாட்டிலைக்கூட உங்கள் ஊரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கையில் ரிஸ்ட் பேண்ட் (மணிக்கட்டுப் பட்டை) போடுவதை விட்டே விடுங்கள். மணிக்கட்டு இப்போது எந்த ஆசிரியரும் முதலில் பார்க்கிற இடம்.

அடுத்தது உலோகம். ஊக்கு வரிசை, ஆணி, சங்கிலி எதுவும் பையில் வேண்டாம். பஸ் நெரிசலில் பக்கத்துப் பிள்ளையின் கண் மட்டத்தில்தான் உங்கள் பை இருக்கும். இதில் பள்ளி தடை போட்டால் அவர்கள் பக்கம்தான் நியாயம்.

அரசு கொடுக்கும் விலையில்லாப் பை வைத்திருக்கும் பிள்ளை யாராவது உங்களில் இருந்தால், அதன்மேல் நேரடியாகப் பெயின்ட் அடிக்கவோ சின்னத்தை மறைத்துத் தைக்கவோ வேண்டாம். பேட்ச்சை விட அதற்கான விசாரணை பெரிதாகப் போகும்.

பேசும் முறை: முதலில் பி.இ.டி. ஆசிரியரிடம் போகாதீர்கள், ஒழுங்கு பொறுப்பு பெரும்பாலும் அவரிடம் இருக்கும், ‘வேண்டாம்’ என்பது அவருக்கு எளிய பதில். ஓவிய ஆசிரியரையோ வகுப்பாசிரியரையோ பாருங்கள். செய்து முடித்த ஒரு பேட்ச்சைக் கையில் கொண்டுபோங்கள். வாயால் விளக்கினால் கேட்பவர் மனசுக்குள் உங்கள் பேட்ச்சைவிடப் பயங்கரமான ஒன்றை வரைந்துகொள்வார். அதிலுள்ள சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

உரிமை, சட்டம் என்று பேச ஆசைப்படுவீர்கள். 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில், தேசிய கீதம் பாடும்போது பாடாமல் மரியாதையாக எழுந்து நின்ற மூன்று கேரளப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவில் 1969இல் டிங்கர் வழக்கு: வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டிவந்த பிள்ளைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு. அங்கே நீதிமன்றம் பார்த்தது, அந்தப் பட்டையால் வகுப்பு உண்மையிலேயே குலைந்ததா என்பதை. அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது, ஆனாலும் அந்தக் கேள்வி ஹெச்.எம். அறையில் நன்றாக வேலை செய்யும்: “சார், இதனால கிளாஸ்ல என்ன தொந்தரவு வந்துச்சுன்னு சொல்லுங்க, சரி பண்ணிடுறோம்.” வழக்கின் பெயரைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் கேளுங்கள். பெயரைச் சொன்னால் உங்கள் அப்பா மறுநாள் வர வேண்டியிருக்கும்.

கோணிஊசி:

டீச்சர் சொன்னதுக்கு ஏத்த மாதிரி ஒரு யோசனை. பேட்ச் எதையும் பையில நேரா தைக்காதீங்க, கழட்டிப் போடுற மாதிரி ஒரு முகப்பு தைங்க. முன் பாக்கெட் அளவுக்கு, தோராயமா 20க்கு 25 செ.மீ., கறுப்பு ட்ரில் ரெட்டை மடிப்பா எடுத்து, எல்லா பேட்ச்சையும் அது மேல தைங்க. தட்டையான துணியில தைக்கிறது பையில தைக்கிறதைவிட பத்து மடங்கு சுலபம், மெஷின்லயும் போடலாம். அந்த முகப்பைப் பையோட டிச் பட்டன் ஆறு வச்சு மாட்டுங்க, நாலு மூலைக்கு நாலு, நீளப் பக்கம் நடுவுல ஒவ்வொண்ணு. பையில விழுற ஓட்டையும் அந்த ஆறு இடத்துல மட்டும்தான். பட்டனுக்குப் பின்னாடி, பைக்கு உள்பக்கமா, பழைய பெல்ட்ல வெட்டின சின்ன தோல் துண்டு வச்சுத் தைக்கணும். வைக்கலைன்னா ரெண்டு வாரத்துல பட்டன் கோட்டிங்கைப் பிச்சுக்கிட்டு வந்துடும்.

வெல்க்ரோ வேண்டாம். ஸ்டிக்கர் வெல்க்ரோ பங்குனி வெயில்ல பசை இளகி வழியும். தைக்கிற வெல்க்ரோ சரி, ஆனா பஞ்சும் முடியும் சேர்ந்து ஆறு மாசத்துல பிடிக்காது. அதோட கிளாஸ்ல கழட்டினா ‘பர்ர்’னு சத்தம் வரும், நாப்பது பேரு திரும்பிப் பாப்பாங்க.

இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு முகப்பைக் கழட்டி நோட்டுக்குள்ள வச்சுக்கலாம். பை கிழிஞ்சா அடுத்த பைக்கு மாத்திக்கலாம். செலவு பாருங்க: ட்ரில் அரை மீட்டர், டிச் பட்டன் ஒரு அட்டை, நூல், ஊசி, பெயின்ட். அஞ்சு பேருக்கு 500க்குள்ள அடங்கிடும்.

கடைசிபெஞ்சு:

இந்த முகப்பு ஐடியா செம. இது ஓகே. ஆனா ரெண்டு பேரோட வீட்டுல பையில கூட எதுவும் கூடாதுங்குறாங்க. அவங்களுக்கு?

மைதொட்டி:

அவர்களைக் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஆசிரியர் ஆக்குங்கள். பங்க் பிள்ளைகள் ஜாக்கெட்டுக்கு நிகராக மதித்தது ஃபேன்சீன், அதாவது ரசிகர்களே கையால் செய்யும் சிறு பத்திரிகைதான். லண்டனில் 1976இல் மார்க் பெர்ரி தொடங்கிய ஸ்னிஃபிங் க்ளூ, தட்டச்சும் ஸ்கெட்ச் பேனாவுமாகச் செய்து நகலெடுத்த தாள்கள்தான். நம் பள்ளிகளுக்குக் கையெழுத்துப் பத்திரிகை புதுசு இல்லை, அதனால் வீட்டிலும் பள்ளியிலும் அந்தப் பெயரைச் சொல்லுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஒரே ஏ4 தாள், ஒரு பக்க ஜெராக்ஸ், எட்டுப் பக்கப் புத்தகம். தாளைப் படுக்கவைத்து நாலு பத்தி, இரண்டு வரிசையாக மடித்துக் கோடு எடுங்கள். கீழ்வரிசையில் இடமிருந்து வலம் 6, 7, 8, 1. மேல்வரிசையில் தலைகீழாக, இடமிருந்து வலம் 5, 4, 3, 2. ஒன்று முன் அட்டை, எட்டு பின் அட்டை. நடுக் கிடைக்கோட்டில் இரண்டாவது, மூன்றாவது பத்திகளின் அகலத்துக்கு மட்டும் கீறல். முழுக்கக் கீறிவிட்டால் இரண்டு துண்டு, அந்தப் பிரதி போச்சு. பிறகு நீளவாக்கில், எழுத்து வெளியே தெரிய மடித்து, இரண்டு முனையையும் உள்நோக்கித் தள்ளினால் நடுவில் விரிந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். அதைச் சுற்றி மடித்தால் புத்தகம். ஸ்டேப்ளர் வேண்டாம். முதலில் வெற்றுத் தாளில் மடித்து, பக்க எண் மட்டும் எழுதிப் பிரித்துப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

மூலப்படியைக் கறுப்பு ஜெல் பேனாவில் மட்டும் எழுத வேண்டும். பென்சில் ஜெராக்ஸில் மங்கும், நீலப் பால்பாயின்ட் திட்டுத்திட்டாக வரும். தாளின் நாலு ஓரத்திலும் 5 மி.மீ. காலி விடுங்கள், மெஷின் அந்த இடத்தை அச்சடிக்காது. ஒட்டிய படத்தின் ஓரம் நிழலாகக் கோடு விழுந்தால் மூலப்படியில் அந்த ஓரத்தில் வெள்ளைத் திருத்த மை தடவுங்கள், இல்லையென்றால் அப்படியே விடுங்கள், ஃபேன்சீனுக்கு அது அழகுதான். பெரிய கறுப்புப் பரப்பு வேண்டாம். டோனர் பட்டை பட்டையாக விழும், மடிப்பில் உதிர்ந்து வெள்ளைச் சட்டையில் ஒட்டும். அப்புறம் யூனிஃபார்ம் பஞ்சாயத்து மறுபடி முதலிலிருந்து.